பார்த்ததற்கான கையெழுத்து

ஜனவரி 6

அக்கா,

போனில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ வைத்துவிடுவாய். நாலு வருடமாக நமக்குள் நடப்பது அதுதான். அதனால் சங்கத்தின் தாளில், சங்கத்தின் செயலாளராகவே எழுதுகிறேன். நடுவில் தம்பி எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்.

இந்த வருடச் சிறந்த படத்துக்கான வாக்குகளை நேற்று எண்ணினோம். நடுவர்கள் ஏழு பேர். லிஃப்ட் இயக்கும் பெண்ணைப் பற்றிய அந்தப் படத்துக்கு ஆறு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எதிர்ப்புச் சீட்டில் மூன்றே சொல்: "முடிவு பொய். எதிர்க்கிறேன்." பெயரைப் பார்க்காமலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தலைவர் சிரித்துக்கொண்டே, "உங்க அக்காவுக்கு இன்னும் காரம் குறையலப்பா" என்றார். எந்தப் படத்துக்கும் மூன்றரை மதிப்பெண்ணுக்கு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் முப்பது வருடம் ஓட்டிவிட்ட நாம் 'மூன்றரை' என்றே கூப்பிடும் அந்த நடுவர்கூட இந்தப் படத்துக்கு நாலு கொடுத்திருக்கிறார்.

இனி உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், நீ நழுவிவிடக் கூடாது என்பதற்காக. விருதுப் படத்துக்கான பாராட்டுரையை ஆதரித்தவர் எழுதக் கூடாது, எதிர்த்தவர்தான் எழுத வேண்டும். விதி ஒன்பது. பிடித்தவன் பாராட்டினால் அது வெறும் சத்தம், பிடிக்காதவன் வாயிலிருந்து வந்தால்தான் அதற்கு எடை என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மேசையைத் தட்டி இந்த விதியைக் கொண்டுவந்தது நீதான். ஆகவே இருநூறு சொல், பிப்ரவரி ஒன்றாம் தேதிக்குள். விழா பிப்ரவரி 22, ஞாயிறு மாலை நாலு மணிக்கு. உன்னால் வர முடியாது என்று தெரியும். நானே படித்துவிடுகிறேன்.

அறை அப்படியேதான் இருக்கிறது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே திரைப்பட விமர்சகர் சங்கம். இரண்டு பலகையையும் சேர்த்துப் படித்துச் சிரிக்காமல் யாரும் படியேறுவதில்லை. உறுப்பினர் முப்பத்து நாலு பேர், கூட்டத்துக்கு வருவது ஒன்பது பேர், அதில் ஒருவர் பேப்பர் படிக்க வருகிறார். நாற்காலியை விரிப்பதும் நான்தான், மடக்குவதும் நான்தான். அலுத்துவிட்டது அக்கா.

அந்தக் கதவுக் காட்சி உனக்கு ஏன் பிடிக்காமல் போனது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கடிதமும் குப்பைக்குப் போகும்.

தம்பி


ஜனவரி 11

செயலாளர் அவர்களுக்கு,

முடியாது. இதை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

காரணம் கேட்பாய். காலை ஐந்தரைக்கு எழுந்தால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், விரிப்பை மாற்ற வேண்டும். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடுவில் ஊட்டுவது, அவர் துப்புவது, மறுபடி ஊட்டுவது. இருநூறு சொல் எழுத ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். இந்தக் கடிதத்தையே நாலு நாளாக எழுதுகிறேன்.

விதியைக் கொண்டுவந்தவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதில் மேசையைத் தட்டுவது சுலபம்.

படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அவன் திரும்பி வந்த பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாயா? பளிங்கு. ஒரு சுளிப்பு, ஒரு எரிச்சல், வாய்க்குள்ளாவது ஒரு 'சே', எதுவும் கிடையாது. அப்படி ஒரு பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதில் ஆறு பேர் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படம் பார்க்க வேண்டிய ஆட்கள்.

நீ சொல்லாமல் விட்டது எனக்குப் புரியாமல் இல்லை. என் வீட்டுக் கதவை உன் சங்கத்துக்குள் இழுக்காதே.

அக்கா


ஜனவரி 16

அக்கா,

சரி, செயலாளரைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்பியாகவே எழுதுகிறேன்.

பளிங்கு முகம் என்கிறாய். பின்னே என்ன செய்வாள்? பன்னிரண்டு வருடத்துக்கு முன் விட்டுவிட்டுப் போனவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் ஸ்டூலிலிருந்து எழுகிறாள். கதவைப் பார்க்கிறாள். திறக்கவில்லை. திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான் படம். கடைசியில் பெயர்கள்கூட ஓடவில்லை. படம் ஓட்டும் நம் ஆபரேட்டர் எட்டிப் பார்த்து, "பேரு ஒண்ணும் ஓடலயே சார்" என்றார். தலைவர், "அதுதான்யா துணிச்சல்" என்றார். ஆறு பேரும் கை தட்டினோம். இந்த அறையில் கை தட்டல் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? 'பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாத அடக்கம்' என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன்.

அவள் திறக்கவில்லை. நீ திறந்தாய். உனக்கு உறுத்துவது அதுதான்.

ஒன்பது வருடம் வேறு ஊரில் வேறு குடும்பம் நடத்திவிட்டு, ஒரு கை ஒரு கால் விழுந்த பிறகு, அவர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பி வைத்த உன் புருஷன். அன்று உன் வாசல்படியில் நின்றுகொண்டு, "இவரை உள்ள விட்டா நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், அவரை உள்ளே கொண்டுபோனாய். நாலு வருடமாக நான் படி ஏறவில்லை. எனக்கு ரோஷம் என்று நினைக்கிறாய். கிடையாது. உன் கை வெந்நீரில் வெளுத்துப்போய், நீ எழுத்தை விட்டு, சிரிப்பை விட்டு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தேய்ந்துபோவதை என்னால் பார்க்க முடியாது. அதுதான் உண்மை.

கோபம் வந்தால் வரட்டும். பாராட்டுரை வேண்டும்.

தம்பி


ஜனவரி 20

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் அழுகை வந்தது. இரண்டாம் தரம் நீ எதிரில் இருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். மூன்றாம் தரம்தான் கவனித்தேன்.

அவள் கதவைத் திறக்கிறாள்.

திறந்து, அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வருகிறாள். சட்டையைக் கழற்றுகிறாள். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து அவன் முதுகைத் துடைக்கிறாள். தலைக்கு உயரமாக வைத்து ஸ்பூனால் ஊட்டுகிறாள். அவன் துப்புகிறான், துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுகிறாள். எல்லாம் அந்தப் பளிங்கு முகத்தோடு. அதைத்தான் பொய் என்று எழுதினேன். எங்கள் ஊர்த் தியேட்டரில், ஓடிய ஒரே வாரத்தில், டிக்கெட் வாங்கி என் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் ஆறு பேரும் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்? விண்ணப்பத்தில் படத்தின் நீளம் போட்டிருக்கும். எடுத்துப் பார்.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

நூற்றுப் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறது. நாங்கள் பார்த்தது தொண்ணூற்று மூன்று.

படம் இரண்டு ஃபைலாக வந்திருக்கிறது. உறையிலேயே சிவப்பு மையில் 'பாகம் 1, பாகம் 2, தொடர்ந்து ஓட்டவும்' என்று இயக்குநர் கைப்பட எழுதியிருக்கிறார். உறையைப் பிரித்தவன் நான். அன்று மட்டும் நாலு படம் வந்திருந்தது, நாற்காலி வேறு போட வேண்டியிருந்தது. "முதல்ல இருக்கறத போடுங்க" என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு உறையை இழுப்பறையில் தள்ளிவிட்டேன். அந்த மனுஷர் ஒருவர்தான் பேர் ஓடவில்லையே என்று கேட்டார். சினிமாவைப் பற்றி எழுதிப் பிழைக்காத ஒரே ஆள்.

ஆறு பேரும் 'முழுவதும் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்ட தாள் என் முன்னால் இருக்கிறது. கீழே செயலாளர் முத்திரை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாளாகக் கண்ணாடிக் கடைக்காரருடன் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இயக்குநருக்குத் தகவல் போய்விட்டது. ஆறு வருடம் இழுத்துப் பிடித்து இந்தப் படத்தை முடித்தவராம், போனில் அழுதுவிட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. நீ மட்டும் முடிவைத் தொடாமல், நடிப்பு, ஒளிப்பதிவு என்று பூசி மெழுகி நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் யார் வாயும் திறக்காது. ஆறு பேருக்கும் தாங்கள் பார்த்ததுதான் படம். இயக்குநர் அம்மாவுக்கு விருது. எனக்கு மானம். யோசித்துப் பார்.

பாகம் இரண்டை நான் இன்னும் பார்க்கவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு பார்க்கப் பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். நீ ஏன் எதிர்த்தாய் என்றே தெரியாமல் உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

தம்பி


ஜனவரி 29

டேய்,

பூசி மெழுகச் சொல்கிறாய். அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள், பிறகு யாரைக் கொண்டு பூசுவது என்று நீயே முடிவு செய்.

அன்று எனக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. ஐந்து மணிக்கு அவளுக்கு வாடிக்கை வந்துவிடும், அதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தேன். படம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. இடைவேளையை இழுத்தார்கள். அவள் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே மணி பார்த்தேன், ஐந்தாகப் பத்து நிமிடம். எழுந்து வந்துவிட்டேன். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன், அப்போதும் பளிங்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் ஐந்தாறு நிமிடம் இருந்திருக்க வேண்டும். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, 'முழுவதும் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பினேன். 'முடிவு பொய்' என்றும் எழுதினேன். முடிவையே பார்க்காமல்.

இது ஒன்றுதானா என்று கேட்காதே. நாலு வருடத்தில் எட்டுப் படம். எட்டுக்கும் இப்படித்தான் கையெழுத்து. விமர்சகரில் நான் ஒருத்திதான் நேர்மை என்று நீங்கள் எல்லோரும் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, கணக்குப் பார்த்தால் நம் சங்கத்தில் யாருமே அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. ஆறு பேர் முடியாத படத்துக்கு விருது கொடுத்தார்கள், ஒருத்தி முடியாத படத்தை எதிர்த்தாள். அந்த இயக்குநருக்குத் தெரிந்தால் சிரிப்பாளா அழுவாளா என்று தெரியவில்லை.

பூச முடியாது. ஆறு பேரையும் கூப்பிட்டு மீதியைப் போட்டுக் காட்டு. மறுபடி வாக்கெடு. என் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு. அந்த அம்மாவிடம் நீயே சொல், வேறு யார் மூலமாகவும் அவளுக்குத் தெரியக் கூடாது. எனக்கு முதுகு வலிக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

நேற்று எல்லோரையும் கூப்பிட்டேன். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தலைவர், "அப்ப அந்தத் துணிச்சல்?" என்றார். ஆபரேட்டர் பின்னாலிருந்து இருமினார்.

உன்னைப் பற்றியும் சொன்னேன். நீ சொல்லச் சொல்லவில்லை, ஆனால் என் தப்பை மட்டும் சொல்லிவிட்டு உன்னுடையதை மறைத்தால் அது வேறு ஒரு பூச்சு. மூன்றரைதான் முதலில், "நானும் சில படத்துல பாதி தூங்கியிருக்கேன்" என்றார். அப்புறம் ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

பாகம் இரண்டைப் போட்டோம். முதல் பதிமூன்று நிமிடம் நீ எழுதியது அப்படியே இருந்தது. எனக்கும் எரிச்சலாகத்தான் வந்தது.

நீ எழுந்து போன பிறகு என்ன வருகிறது என்று சொல்கிறேன்.

அவன் தூங்கிவிடுகிறான். அவள் கிண்ணத்தைக் கழுவுகிறாள், கையைத் துடைக்கிறாள். கதவைத் திறந்து வெளியே வந்து சத்தமில்லாமல் சாத்துகிறாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்க்கிறாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. கேமரா அசையவில்லை. ஆனால் அந்தப் பளிங்கு முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கன்னம் தொங்கிவிடுகிறது. பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்ட ஆளின் முகம். நீ தேடிய 'சே'யை அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். மேல் மாடியிலிருந்து லிஃப்ட் மணி அடிக்கிறது. அவள் எழவில்லை. யாரோ, "லிஃப்ட்! யாரும் இல்லையா?" என்று கத்துகிறார்கள். எழவில்லை. அப்படியே பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

நான் அங்கே பார்த்தது உன்னை அக்கா. நாலு வருடமாக நீ எந்தப் படியில் போய் உட்காருகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. வாசலில் நின்று ஒரு வசனம் பேசிவிட்டு வந்தேன், அந்த வசனத்திலேயே நாலு வருடம் குடியிருந்தேன். மன்னித்துக்கொள். எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

வாக்கெடுத்தோம். மூன்று ஆதரவு, மூன்று எதிர்ப்பு. திறக்காத கதவுதான் நல்ல படம் என்று மூன்று பேர் இன்னும் சாதிக்கிறார்கள். ஏழாவது வாக்கு உன்னுடையது. அதை வைத்துத்தான் விருது உண்டா இல்லையா என்று தெரியும்.

இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு வரிதான் பதில் வந்தது: "இப்ப எத்தனை பேர் முழுசா பாத்திருக்கீங்க?" ஆறு என்று எழுதினேன். "ஏழாவது ஆள் பாத்த பிறகு சொல்லுங்க, எதுவானாலும் விழாவுக்கு வரேன்" என்றார்.

உங்கள் ஊர்த் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். நீ இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். விழா நாளன்று காலை பத்தரைக்கு உனக்காக முதலிலிருந்து போடச் சொல்லியிருக்கிறேன். அவரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பாய். நான் பார்த்துக்கொள்கிறேன். செயலாளர் இல்லாமல் விழா நடக்காதா என்ன. நாற்காலியைத் தலைவர் போடட்டும்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். நாங்கள் இருப்பது தரைத்தளம், எனக்குப் படிக்கட்டு கிடையாது. கொல்லைக் கதவுக்கு வெளியே துணி துவைக்கும் கல் ஒன்று இருக்கிறது. நீ கேட்டதால் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலையே வந்துவிடு, காட்டிக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மாத்திரைப் பெட்டியில் நேரம் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டு, இடது பக்கம் வலிக்கும், மெதுவாக. ஊட்டும்போது அவசரப்படாதே, புரை ஏறும். துப்பினால் அது உன் மேல் கோபம் இல்லை, அந்தப் பக்கத்து உதடு மூடாது. உன்னைப் பார்த்ததும் அழலாம். பதறாதே. இப்போதெல்லாம் சோப்பு விளம்பரத்துக்கும் அழுகிறார்.

அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. மன்னிக்கவில்லை. புரட்டிப் போடுகிறேன், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு வேலை.

அக்கா


பிப்ரவரி 22, பிற்பகல் இரண்டு மணி

தம்பி,

உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவேன், சிவப்பு மையில் அந்த அம்மா எழுதிய உறைக்கு மேலே. இந்தத் தரமாவது பார்ப்பாய்.

நேற்று நீ செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படி ஏறியபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் மாத்திரைப் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பரவாயில்லை.

படத்தைப் பார்த்தேன். பெயர்கள் ஓடி, மணி நின்று, ஆபரேட்டர் வந்து, "முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லும் வரைக்கும். நாலு வருடத்தில் ஒரு படம் முடிந்து நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தரம். உடனே எழ முடியவில்லை. அந்த நல்ல மனுஷர் விளக்கைப் போடாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒன்று புரிந்தது. அந்த முகத்தைப் பொய் என்றேனே, அவர் முன்னால் நானும் முகம் சுளிப்பதில்லை. ஊட்டும்போது நானும் பளிங்குதான். கல்லில் போய் உட்காரும்போதுதான் அதைக் கழற்றி வைக்கிறேன். என் முகம் எனக்கே தெரியாமல் போனதால் அவளுடையதைப் பொய் என்றேன். இதை உன்னிடம் சொல்லலாம், மேடையில் சொல்ல மாட்டேன்.

என் வாக்கு ஆதரவு. நாலுக்கு மூன்று. எதிர்த்த மூன்று பேரும் பாராட்டுரை எழுத வராமல் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். விதி ஒன்பதை உடைத்து நானே எழுதியிருக்கிறேன். கொண்டுவந்தவளே உடைத்தால் யார் கேட்பது. தலைவர் மென்று விழுங்கினார், தடுக்கவில்லை. இதைத்தான் படிக்கப் போகிறேன்:

"இந்தப் படத்தை எங்கள் சங்கம் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எங்களில் ஆறு பேர் கதவு வரைக்கும் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். நான் கதவுக்கு அப்பால் கொஞ்சம் பார்த்துவிட்டுக் குறை சொன்னேன். ஏழு பேரும் முழுவதும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டோம். களைத்துப்போன ஒரு பெண் ஐந்து நிமிடம் உட்காருவதைக் காட்ட இந்த இயக்குநர் நூற்று ஏழு நிமிடம் காத்திருந்தார். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லாமல் போனது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இந்த விருதைக் கொடுக்கிறோம். அவர் வாங்கிக்கொண்டால் அது எங்களுக்குப் பெருமை."

இருநூறு சொல் வரவில்லை. இருப்பது இவ்வளவுதான்.

இனி நடுவராக இருக்க மாட்டேன். முழுதாகப் பார்க்க முடிகிற காலம் வந்தால் சொல்கிறேன். இயக்குநர் கீழே வந்துவிட்டாராம், கண்ணாடிக் கடைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். போகிறேன்.

அக்கா


பிப்ரவரி 22, மாலை

அக்கா,

நாளைக் காலை நீ வந்ததும் நான் வாயைத் திறந்தால் எங்கேயாவது சண்டையில் போய் முடியும். அதனால் எழுதி ஃபிளாஸ்க்குக்கு அடியில் வைக்கிறேன். நான் பஸ் ஏறிய பிறகு படி.

இந்நேரம் நீ என்ன வாக்களித்தாய், என்ன படித்தாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. போன் பண்ணிக் கேட்கலாம். கேட்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கே முதல் 'சே' சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு இரண்டாவது, வாய்விட்டு, அவர் முகத்துக்கு நேராகவே. என்னால் பளிங்காக இருக்க முடியவில்லை. புரட்டும்போது அவர் முனகினார், பாதியில் விட்டுவிட்டு மறுபடி புரட்டினேன். ஊட்டியதில் பாதி என் சட்டையில்தான் இருக்கிறது. நாலு வருடத்தை நாள் கணக்கில் மனதுக்குள் பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் அவர் தூங்கியதும் கொல்லைப் பக்கம் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வழவழவென்று தேய்ந்திருக்கிறது. துணி துவைத்துத் தேய்ந்ததா என்று யோசித்தேன். தையல்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா உக்காரற இடம் அது, நீங்க தம்பியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். நீ படத்துக்குப் போ, போகாவிட்டால் தூங்கு, உன் இஷ்டம். அவரிடம் எனக்குக் கோபம் அப்படியே இருக்கிறது, இரண்டும் வேறு வேறு வேலை என்று நீதான் எழுதினாய்.

கடைசியாக ஒன்று. நாலு மணிக்கு அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். காலையிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. கண்ணால் அறை முழுக்கத் தேடிவிட்டு, "அவ?" என்றார்.

"படம் பாக்கப் போயிருக்கா, அத்தான்" என்றேன். பதிமூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சரியாக மூடாத அந்த வாயால், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"முழுசா... பாத்துட்டு... வரட்டும்."

தம்பி